நடு வட்டத்தில் பூசணிக்காய்

ஆசிமுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், அப்புறம்தான் வாய் திறக்கும். அந்த சீசன் முழுக்க அவன் காது சிவந்தேதான் கிடந்தது. "மாமே, உன் காதுல அப்பளம் சுடலாம்டா" என்று சரண் ஓட்டுவான்.

பின்னே என்னங்க, கோபம் வராதா? வேலப்பன்சாவடி ஹைவே ஓரம் அவ்வளவு பெரிய என்ஜினியரிங் காலேஜ். வாசலில் கிரானைட் வளைவு, உள்ளே ஏசி ஆடிட்டோரியம், சேர்மன் காருக்குத் தனியாக ஒரு கூரை. கூடைப்பந்து டீமுக்கு மட்டும் மண்டையைப் பிளக்கும் வெயிலில் ஒரு சிமெண்ட் கோர்ட். வளையத்துக்கு வலைகூடக் கிடையாது. முதல் மேட்ச் ஆவடியில். காலேஜ் பஸ் கேட்டால், "அதெல்லாம் ஸ்டாஃப் டிரிப்புக்கு" என்றார்கள். பசங்க ஷேர் ஆட்டோவில் ஒருத்தன் மடிமேல் ஒருத்தன் உட்கார்ந்து போனார்கள். இறங்கிக் காலை நீட்டக்கூட நேரமில்லாமல் ஆடித் தோற்றுப் போனார்கள். அன்றைக்கு எந்தச் சேர்மனும் வந்து ஏன் என்று கேட்கவில்லை.

அப்புறம் ஜெயிக்க ஆரம்பித்தார்கள். கேப்டன் ஆசிம் பந்தைத் தட்டிக்கொண்டு நாலு பேருக்கு நடுவில் புகுந்து வெளியே வந்துவிடுவான். வேப்பம்பட்டுப் பையன் சரண் வளையத்துக்கடியில் நின்றால் எதிராளிக்கு வானமே தெரியாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுத்தடுத்து மேட்ச் கைக்கு வந்தது. அரையிறுதியும் இறுதியும் தங்கள் காலேஜிலேயே என்று முடிவானதும் சேர்மனுக்குத் திடீரென்று விளையாட்டுமேல் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. குமணன்சாவடி சிக்னலில் பேனர் கட்டினார். பேனர் முழுக்க அவர் முகம். ஆடிய பசங்க கீழே தபால்தலை அளவுக்கு.

ஆசிமுக்கு இதெல்லாம் பெரிய விஷயமில்லை. அவனுக்கு வேண்டியது இறுதி ஆட்டம். கடைசி வருஷம். ரயில்வே டீமின் கோச் ஃபைனல் பார்க்க வருகிறார், "அந்த கேப்டன் பையன் ஆடுறதைப் பாக்கணும்" என்று பி.டி. சார் ராகேஷிடம் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் கண்ணில் பட்டால் விளையாட்டுக் கோட்டாவில் வேலை. பூந்தமல்லியில் மெத்தை தைக்கிற அவன் அத்தா பஷீருதீன், பஞ்சுத் தூசி தின்று தின்று இருமுகிறவர், மகன் ரயில்வேயில் உட்காரப் போவதை இப்போதே தெருவெல்லாம் சொல்லிவிட்டார்.

அரையிறுதி அன்று காலை சேர்மன் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் இறங்கினார். பின்னால் டிரைவர், தலையில் பூசணிக்காய். மேலே ஓட்டை போட்டு உள்ளே குங்குமம் ரொப்பி, கற்பூரம் வைத்துத் தயாராக இருந்தது. டீம் மொத்தத்தையும் நிற்க வைத்துச் சுற்றினார். சரி, சுற்றட்டும். யாருக்கு என்ன வந்தது? ஆனால் மனுஷன் நேராக கோர்ட்டின் நடு வட்டத்துக்குப் போய் நின்று, போட்டோகிராபரைக் கை காட்டிக் கூப்பிட்டார்.

"சார், இங்க வேணாம் சார்" என்று ஆசிம் ஓடினான். "வாசல் கேட்டாண்ட போட்டு உடைங்க. இது சிமெண்ட்டு. வழுக்கும்."

ராகேஷ் சார் அவன் தோளில் கை போட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு வந்தார். "தம்பி, உனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை இல்லன்னு தெரியும். பெரியவர் மனசு நோகப் பேசாத."

அடப்பாவி! ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை, குமணன்சாவடியில் சிநேகிதன் மெக்கானிக் ஷாப்பில் பூசணிக்காயைத் தூக்கிப் போட்டு உடைப்பதே ஆசிம்தான். உடைத்த கையோடு, பைக்கில் வருகிறவன் எவனும் சறுக்கி விழக்கூடாதென்று உடைந்த துண்டுகளை ரோட்டோரம் ஒதுக்கித் தள்ளுவதும் அவன்தான்.

"நான் சாமியப் பத்திப் பேசல சார். தரையப் பத்திப் பேசறேன்."

சேர்மனுக்கு அது காதில் விழுந்துவிட்டது. சிரித்தார். "விடுங்க ராகேஷ். நமக்கு எல்லா மதமும் ஒண்ணுதான்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, பூசணிக்காயைத் தலைக்குமேல் தூக்கி, ஓங்கிப் போட்டார். கேமரா மின்னியது. எல்லாரும் கை தட்டினார்கள். ஆசிமின் காது எரிந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான், அந்தப் பெருந்தன்மையைத்தான் தாங்க முடியவில்லை.

துப்புரவு அக்கா ஒருத்தி வந்து தென்னந்துடைப்பத்தால் அவசர அவசரமாகப் பெருக்கினாள். சதை போனது, சாறு போகவில்லை. மேட்ச் ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆட்டம் பாதி தாண்டியிருக்கும். எதிராளி போட்ட பந்து வளையத்தில் பட்டு நடுப்பக்கம் தெறித்தது. சரண் துரத்திப் போய் எகிறிப் பிடித்தான். பிடித்தவன் இறங்கிய இடம் அந்தச் சிவப்பு. கால் ஒரு பக்கம் போனது, முட்டி ஒரு பக்கம் போனது. "அம்மா" என்று அவன் போட்ட சத்தம் ஹைவே லாரிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

மிச்ச ஆட்டத்தை ஆசிம் வெறி பிடித்த மாதிரி ஆடி ஜெயித்துக் கொடுத்தான். ஜெயித்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடினான். தசைநார் கிழிந்துவிட்டது, ஆபரேஷன் பண்ண வேண்டும், இனிமேல் குதிக்கிற ஆட்டம் சந்தேகம்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சரண் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தான். அவன் அம்மா பொன்னியம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

அங்கேயும் வந்தார் சேர்மன், கையில் ஆப்பிள் பையோடு. "பாத்தீங்களாம்மா, எவ்ளோ பெரிய கண்ணு! பூசணிக்கா மட்டும் உடைக்கலன்னா உயிருக்கே ஆபத்தாயிருக்கும். நாளைக்கு இதவிடப் பெருசா ஒண்ணு சொல்லி வெச்சிருக்கேன்."

பொன்னியம்மா பாவம், அழுதுகொண்டே கையெடுத்துக் கும்பிட்டாள். பக்கத்தில் ராகேஷ் சார், "அந்தப் பெருக்கற பொம்பளையும் சரியில்ல சார், அப்பவே திட்டிட்டேன்" என்றார். ஆசிம் வெளியே வந்து சுவரில் ஒரு குத்து விட்டான். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் கைதான் வீங்கியது.

வீட்டுக்கு வந்ததும் அத்தா அந்தக் கையைப் பிடித்துத் தைலம் தேய்த்தார். "நாளைக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள் வாய மூடிகினு ஆடுடா நைனா. வேல கெடைக்கட்டும். அப்பறம் யாரோட வேணா சண்ட போடு." ஆசிம் சரி என்றான். நிஜமாகவே சரி என்றுதான் சொன்னான்.

இறுதி ஆட்டம், ஆவடி டீமோடு. கோர்ட்டைச் சுற்றிக் கூட்டம், முன்வரிசையில் கறுப்புக் கண்ணாடியோடு ரயில்வே கோச். பூசணிக்காய் வந்தது. டிரைவரோடு இன்னொரு ஆளும் கை கொடுத்துத் தூக்கி வந்தார்கள். ஆசிம் போய்க் கை கூப்பினான். "சார், கெஞ்சிக் கேக்கறேன். வெளில உடைங்க." சேர்மன் அவனைப் பார்க்கவே இல்லை. கேமராவைத்தான் பார்த்தார். டமால்! நடு வட்டம் மொத்தமும் சிவப்பு.

ரெஃப்ரி வந்து ஷூவால் தேய்த்துப் பார்த்தார். "இன்னா சார் இது? நேத்து ஒரு பையன் விழுந்தானாமே. அரைமணிக்குள்ள சுத்தமாத் தொடைச்சிக் காய வெச்சிக் குடுங்க. இல்லன்னா ஆட்டம் கெடையாது, ஆவடிப் பசங்களுக்கு வாக்கோவர் குடுத்துட்டுப் போய்க்கினே இருப்பேன்."

ராகேஷ் சார் தொண்டை கிழியக் கத்தினார். நேற்றுத் திட்டு வாங்கிய அதே அக்கா மாப்பும் பக்கெட்டுமாக ஓடி வந்தாள். ஆசிம் எதிரே போய் அவள் கையிலிருந்து மாப்பை வாங்கினான். "நீ போக்கா." நேராகச் சேர்மன்முன் போய் நீட்டினான்.

"ஒடச்சது நீங்க. தொடைங்க."

ராகேஷ் சார் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். "டேய், பைத்தியமாடா நீ? கோச் பாத்துகினு கீறாரு. உன் லைஃபுடா!"

"தெரியும் சார். நல்லாத் தெரியும்." ஆசிம் நீட்டிய மாப்பை இறக்கவில்லை. "சரணுக்கும் லைஃபு இருந்துச்சு. அவன் முட்டி போச்சு. கண்ணுன்னீங்க. அந்த அக்கா மேல பழிய போட்டீங்க. நான் நேத்து சொன்னது ஒரே வார்த்த, வழுக்கும்னு. அதுல எந்த சாமி இருந்துச்சு? எந்த மதம் இருந்துச்சு?"

"நான் யாருன்னு தெரியுமாடா?" என்றார் சேர்மன்.

"பேனர்ல பாத்துருக்கேன்."

கூட்டத்தில் எவனோ சிரித்துவிட்டான். சேர்மன் முகம் கறுத்தது. அப்போதுதான் அஸ்வின், நெற்றியில் பட்டையாக விபூதி இட்டுக்கொண்டு மேட்சுக்கு முன்னால் பந்தைத் தொட்டுக் கும்பிடுகிறவன், வந்து ஆசிம் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். "அவர் தொடைச்சாத்தான் சார் ஆடுவோம்." ஒருத்தர் பின் ஒருத்தராக மொத்த டீமும் உட்கார்ந்தது. ராகேஷ் சார் மாப்பைப் பிடுங்கப் பார்த்தார். ஆசிம் விடவில்லை.

சேர்மன் வேட்டியை உதறிக்கொண்டு காருக்கு நடந்தார். அரைமணி போனது. ரெஃப்ரி விசில் ஊதி ஆவடி டீமின் பக்கம் கை காட்டினார். அந்தப் பசங்ககூடக் கத்தவில்லை. ரயில்வே கோச் எழுந்து பையைத் தோளில் மாட்டினார். "நல்லா ஆடுவான்னு சொன்னாங்க. திமிர் புடிச்சவனா கீறானே" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே போனார். ஆசிம் அதைக் கேட்டான். அத்தாவின் இருமல் ஞாபகம் வந்தது. அழுகை வரும் என்று பார்த்தான். வரவில்லை, கோபம்தான் வந்தது.

கூட்டம் கலைந்தது. சாயங்காலம் கோர்ட்டு பெண்கள் டீமுக்கு. கிருஷ்ணப்பிரியா முன்னால் பந்தோடு வர, பெண்கள் ஷூ கட்டிக்கொண்டே வந்தார்கள். ஆசிம் கையை உயர்த்தி அவர்களை நிறுத்தினான். மாப்பைப் பக்கெட்டில் முக்கிப் பிழிந்து நடு வட்டத்தைத் துடைக்க ஆரம்பித்தான். ஒரு முறை போதவில்லை. தண்ணீர் மாற்றி மறுபடி துடைத்தான். கடைசியில் ஜெர்சியைக் கழற்றி, மண்டி போட்டு, ஒட்டியிருந்த விதைகளை ஒவ்வொன்றாக வழித்தான்.

ராகேஷ் சார் தலைமேல் வந்து நின்றார். "இதை அப்பவே செஞ்சிருந்தா கப்பும் கெடைச்சிருக்கும், வேலையும் கெடைச்சிருக்குமேடா, மடையா!"

ஆசிம் நிமிரவில்லை. "அப்போ தொடைச்சிருந்தா உங்களுக்காகத் தொடைச்ச மாதிரி சார். இது இவங்களுக்கு."

கிருஷ்ணப்பிரியா பந்தை ஓரமாக வைத்துவிட்டு வந்து பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனாள்.