பிரைமர் இல்லாத ஊரில் ஒரு மிஷின்

கிளெண்டைவில் அந்த வருஷம் பிரைமர் குதிரைக்கொம்பு. பொட்டு அளவுக்கு ஒரு பித்தளை மூடி, அவ்வளவுதான். தோட்டாவின் அடியில் உட்கார்ந்திருக்கும். துப்பாக்கியின் ஊசி அதில் குத்தினால்தான் பொறி கிளம்பி, மருந்து பற்றி, குண்டு போகும். அது இல்லையென்றால் மிச்சமெல்லாம் வெறும் பித்தளையும் ஈயமும். நோய்க்காலம் வந்தாலும் வந்தது, ஜனங்கள் முதலில் கழிவறைக் காகிதத்தை அள்ளினார்கள், அப்புறம் தோட்டாவை அள்ளினார்கள், அதுவும் தீர்ந்ததும் தோட்டா செய்கிற சாமான்களை அள்ளினார்கள். வெல்டனின் துப்பாக்கிக் கடையில் மான் தலைகளுக்குக் கீழே அலமாரிகள் துடைத்துவிட்ட மாதிரி கிடந்தன. வெல்டன் ஈ ஓட்டிக்கொண்டிருந்தான் என்று சொல்லலாம். ஆனால் மார்ச் மாதத்து மொன்டானாவில் ஓட்டுவதற்கு ஈயும் கிடையாது.

ஆர்லிஸ் ஹாகன் பூட்ஸ் சேற்றைக் கால்மிதியில் தேய்த்துவிட்டு உள்ளே வந்தாள். ஐம்பத்தெட்டு வயது. கவுன்டியின் ரோடு கிரேடர் வண்டி ஓட்டுகிறவள். காலை ஆறு மணிக்குள் பள்ளிக்கூடச் சாலையில் பனியைத் தள்ளிவிடுவேன் என்று அவள் சொன்னால் ஊர் கடிகாரத்தைப் பார்க்காது. கவுன்டருக்குப் பின்னால் இருந்த பெரிய அட்டைப் பெட்டியை அவள் கண் நேராகப் போய்ப் பிடித்தது.

"அது பக்கத்து ஊரு சிட்னிக்காரன் சொல்லி வச்சதுதானே?"

"அவன் வேணாம்னுட்டான். பிரைமர் இல்லாம இத வச்சுக்கிட்டு நான் என்ன பண்றதுன்னு கேக்கறான். நியாயந்தானே?" என்றான் வெல்டன்.

பெட்டிக்குள் இருந்தது தோட்டா ரொப்புகிற மிஷின். ஊரில் பலரிடமும் இருக்கிற பழைய மாதிரி அல்ல. அதில் ஒரு தோட்டாவுக்கு நாலு தடவை கைப்பிடியை இழுக்க வேண்டும். இதில் ஒரு வட்டத் தட்டு சுழலும். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு காலிப் பித்தளைக் கூட்டில் பிரைமர் ஏறும், இன்னொன்றில் மருந்து விழும், மற்றொன்றில் குண்டு உட்காரும், முடிந்த தோட்டா ஒன்று டப்பாவில் போய் விழும். ஒரு இழுப்பு, ஒரு தோட்டா.

"எனக்குக் குடு" என்றாள் ஆர்லிஸ்.

"தாயே, கூடு இருக்கா?"

"ரெண்டு வாளி."

"மருந்து?"

"ஒரு ஜாடி. குண்டும் இருக்கு. நீதான் போன வருஷம் வித்தே."

"பிரைமர்?"

"இல்ல."

வெல்டன் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்தான். "கல்யாண மண்டபத்த புக் பண்ணிட்டே. சமையலுக்கும் சொல்லிட்டே. மாப்பிள்ளதான் இன்னும் பொறக்கல."

"மாப்பிள்ள எங்க தம்பி வீட்டு பேஸ்மென்ட்ல இருக்கான். பெட்டியத் தூக்கு, வண்டியில வை."

வெல்டன் வாய்விட்டுச் சிரித்தான். சிரிக்காமல் என்ன செய்வான்? ஊரில் எல்லாருக்கும் அந்தக் கதை தெரியும். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் ஆர்லிஸ் தன் தம்பி டெல்மரின் பழைய மிஷினில் ஐம்பது தோட்டா ரொப்பிக் கொடுத்தாள். அவன் அதைத் துப்பாக்கி கிளப் போட்டிக்குக் கொண்டுபோனான். ஏழாவது தோட்டாவில் மருந்தே இல்லை. பிரைமர் மட்டும் பொத்தென்று தட்டி, குண்டைக் குழாய்க்குள் பாதி வழியில் கொண்டுபோய்ச் செருகிவிட்டது. அடுத்ததைச் சுட்டிருந்தால் துப்பாக்கி கையிலேயே வெடித்திருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டு "நிறுத்து!" என்று கத்தினது வெல்டன்தான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து டெல்மர் அக்கா கையால் செய்த ஒரு தோட்டாவைக்கூடத் துப்பாக்கியில் போட்டதில்லை. அடுத்தவர் ரொப்பினதைச் சுடக்கூடாது என்பது இந்த ஆட்களிடம் பொதுவான விதிதான்; டெல்மர் அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஒவ்வொரு வருஷமும் போட்டிக்குப் பிறகு, புதுசாக யார் வந்தாலும், "எங்கக்கா என் குழாய அடைச்ச கதை" என்று ஆரம்பிப்பான். ஆர்லிஸும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். அவளுக்கு வலித்தது. இருபத்தேழு வருஷமும் வலித்தது. அவன் சுட வேண்டும், அவள் ரொப்பின தோட்டாவை, எல்லார் முன்னாலும். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

டெல்மர் ஜனவரியில் மாட்டு டிரெய்லரிலிருந்து வழுக்கி விழுந்து வலது தோளில் ஆபரேஷன் செய்துகொண்டவன். துப்பாக்கியைத் தூக்கலாம், இழுக்கிற வேலை ஒரு வருஷத்துக்குக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முந்தின தோட்டாப் பஞ்சத்தில் சூடுபட்டவன், ஆகவே அவனிடம் ஐயாயிரம் பிரைமர் இருந்தது. மிஷினை இழுக்கத்தான் கை இல்லை.

"நீ பிரைமர் இருக்கான்னு கேக்காமலே மிஷின வாங்கிட்டியா?" என்றான் அவன், அவள் அவன் வீட்டுச் சமையலறையில் வந்து உட்கார்ந்ததும்.

"இருக்குன்னு தெரியும்."

"குடுப்பேன்னு தெரியுமா?"

"உனக்கும் மே மாசம் போட்டி இருக்குன்னு தெரியும்."

டெல்மர் காபியை ஊதினான். "ஒரு பெட்டி, ஆயிரம், தரேன். பாதி தோட்டா எனக்கு. ஆனா நான் பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு இழுப்பையும் பாப்பேன். அப்பவும் சுடுவேன்னு சொல்லல. என்கிட்ட அம்பது கம்பெனித் தோட்டா பத்திரமா இருக்கு, போட்டிக்கு அது போதும். உன்னோடத வச்சுக்குவேன், அவ்வளவுதான்."

"வச்சுக்கிட்டு என்னடா பண்ணுவே, ஊறுகாயா போடப்போறே?"

"அக்கா, துப்பாக்கி என்னுது. கையும் என்னுது."

"சரி. வந்து உக்காரு. சுடுவே" என்றாள் ஆர்லிஸ். ஆறு மணிக்குச் சாலை திறந்துவிடும் என்று சொல்கிற அதே குரலில்தான் சொன்னாள்.

மிஷினைக் கராஜில் பெஞ்சில் போல்ட் போட்டு இறுக்கி, மருந்தின் அளவைத் தராசில் முப்பது தடவை நிறுத்துப் பார்த்து, திருப்தியாக அவளுக்கு ஒரு வாரம் ஆனது. சனிக்கிழமை மதியம் டெல்மர் வந்து மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். ஆர்லிஸின் புருஷன் ஹார்லன் இரண்டு பேருக்கும் காபி வைத்துவிட்டு, இந்தச் சண்டையில் தனக்கு வேலை இல்லை என்று நழுவிவிட்டான்.

அவள் முறை எளிமையானது. மருந்து விழுந்த ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் பார்ப்பாள், விளக்கு வெளிச்சத்தில் மருந்து மின்னினால்தான் குண்டை வைப்பாள். பார், வை, இழு. மிஷின் தாளம் தப்பாமல் ஓடியது. முதல் அரைமணி நேரம் டெல்மர் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தான். அப்புறம் அவன் சுபாவம் வந்துவிட்டது. பேச ஆரம்பித்தான். தோளைப் பற்றி, மாட்டு விலையைப் பற்றி, பக்கத்துப் பண்ணைக்காரனின் நாய் லூதரன் பாதிரியாரின் காருக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றதைப் பற்றி. நாய் கதைக்கு ஆர்லிஸ் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். கை தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

கழுவி வைத்த கூடு தீர்ந்ததும் நிறுத்தினாள். டெல்மர் இடது கையை டப்பாவுக்குள் விட்டு, அரிசியை அளைகிற மாதிரி தோட்டாக்களை அளைந்தான். "அம்மாடி. எங்கிட்ட இருக்கற மிஷின்ல இது மூணு நாள் வேல" என்றான். நிஜமாகவே மலைத்துப்போயிருந்தான்.

ஆர்லிஸ் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள்.

"அந்த நாய் கதை சொன்னப்ப நான் திரும்பினேன்ல? அந்த இழுப்புல உள்ள பாத்தேனா?"

"பாத்திருப்பே."

"பாத்தேனான்னு கேட்டேன். நீதானே பாக்க வந்தவன்?"

டெல்மர் அப்போது நாயாக நடித்துக்காட்டிக்கொண்டிருந்தான்.

"எது அந்தத் தோட்டா?" என்றாள்.

அளைந்த கை இன்னும் டப்பாவுக்குள்தான் இருந்தது. மெதுவாக எடுத்துக்கொண்டான். "நிறுத்துப் பாத்துடலாமே?"

"பத்து கம்பெனிக் கூடு கலந்து கெடக்கு. கூட்டுக்குக் கூடு இருக்கற எடை வித்தியாசம் மருந்தோட எடையவிட ஜாஸ்தி. தராசு என்னத்தச் சொல்லும்?" ஆர்லிஸ் சுவரில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் சுத்தியை எடுத்தாள். அதன் தலை பொள்ளல். தோட்டாவை உள்ளே வைத்துத் தரையில் அடித்தால் குண்டும் மருந்தும் கழன்று உள்ளே விழும். ஒரு தோட்டாவுக்கு மூன்று நாலு அடி. "எல்லாத்தையும் பிரிக்கணும்."

"எல்லாத்தையுமா? அக்கா, ஒண்ணே ஒண்ணு! அதுவும் சந்தேகந்தான்! பிரைமர் என்ன வெல விக்குது தெரியுமா?"

"பிரைமர் எங்கயும் போகாது, கூட்டுலயே இருக்கும். திரும்ப ரொப்பலாம். வீணாப் போறது என் கை வலிதான். நீ ஏன் கத்தறே?"

"இவ்வளவு வேலை பண்ணிட்டு?"

"எதுன்னு தெரியாதவரைக்கும் எல்லாமே அதுதான்டா."

அடித்தாள். சிமென்ட் தரையில் டக், டக், டக். டெல்மர் கொஞ்ச நேரம் முணுமுணுத்துக்கொண்டு நின்றான். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, சுத்தித் தலையிலிருந்து கொட்டுவதைத் தட்டில் வாங்க ஆரம்பித்தான். "மருந்து இருக்கு" என்றான். அடுத்தது. "இருக்கு." அடுத்தது. "இருக்கு." ராத்திரிச் சாப்பாட்டு நேரம்வரை எழுபது. மறுநாள் சர்ச் முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு வந்து உட்கார்ந்தான். சொல்லி அனுப்பாமல், தானாகவே. நூற்றி நாற்பது வாக்கில் அவன் "இருக்கு" என்பது தேய்ந்து போய், தலையை மட்டும் ஆட்டினான்.

"அன்னைக்கும் நான் பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றான் திடீரென்று.

ஆர்லிஸ் அடித்துக்கொண்டிருந்தாள். "தெரியும்."

"தெரியுமா?"

"மீன் பிடிக்கப் போன கதை. படகுல ஓட்ட விழுந்தது."

"இருபத்தேழு வருஷமா தெரிஞ்சுக்கிட்டு ஏன் சொல்லல? நான் ஊர்பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே?"

"பேசினது நீ. பாக்காம விட்டது நான். அதுல உன்ன எங்க கொண்டாந்து சொருக?"

டெல்மர் தட்டை அடுத்த தோட்டாவுக்கு நீட்டினான்.

இருநூற்றுப் பன்னிரண்டும் பிரித்தாகிவிட்டது. இருநூற்றுப் பன்னிரண்டிலும் மருந்து இருந்தது. ஒன்றுகூடக் குறை இல்லை.

"ஒண்ணுமே இல்லியே!" என்றான் டெல்மர். "ரெண்டு நாள் தண்டம்."

"இப்பத் தெரியும். நேத்துத் தெரியாது." ஆர்லிஸ் மணிக்கட்டை உருவிவிட்டுக்கொண்டாள். அலுப்பாக இருந்தாலும் மனசு லேசாக இருந்தது. பிரைமரோடு இருந்த கூடுகளை வாரி மிஷின் பக்கம் வைத்தாள். "நான் திரும்ப ரொப்பப்போறேன். நீ சமையலறைக்குப் போய் ஹார்லன்கிட்டப் பேசு. அவருக்குத்தான் எப்படியும் காது கேக்காது."

டெல்மர் எழுந்தான். ஒவ்வொரு இழுப்பையும் பார்ப்பேன் என்ற நிபந்தனையைப் பற்றி மூச்சே விடவில்லை. கராஜ் கதவை அவனே சாத்திவிட்டுப் போனான்.

மே மாதம் முதல் சனிக்கிழமை போட்டி. காற்று தொப்பியைப் பிடுங்கியது. கொட்டகையில் ஹார்லன் சில்லிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரோலும் பரிமாறினான். வழக்கமாக நாற்பது பேர் வருகிற இடத்தில் பதினாறு பேர்தான். தோட்டா இருந்தவன் வந்தான், இல்லாதவன் வேடிக்கை பார்க்க வந்தான். வெல்டன் டைமரைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஊருக்கே தோட்டா விற்றவனிடம் தனக்கென்று ஒரு தோட்டா மிஞ்சவில்லை.

"கடைக்காரனுக்கே பட்டினியா?" என்றாள் ஆர்லிஸ்.

"சிரி தாயே, சிரி. உன் மிஷின் எப்படி, ஓடுதா? டெல்மர், உங்கக்கா ஏதாச்சும் ரொப்பினாளா, இல்ல குழாய அடைச்சாளா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். ஆர்லிஸ் இந்தத் தடவை சிரிக்கவில்லை. தம்பிக்கு இரண்டு பெட்டி நிறைய அவன் பங்கைக் கொடுத்திருந்தாள். அவன் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டான், அவ்வளவுதான். அவன் பைக்குள் கம்பெனிப் பெட்டியும் இருந்ததைக் காலையிலேயே பார்த்துவிட்டாள். சுடுவே என்று அவள் சொன்னது சொன்னதுதான், ஆனால் இன்று என்று சொல்லவில்லையே என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டிருந்தாள்.

டெல்மர் பையைத் திறந்தான். பிரிக்காத கம்பெனிப் பெட்டி, ஐம்பது தோட்டா, அந்த வருஷத்தில் அதற்கு வாத்து வேட்டைத் துப்பாக்கியையே கொடுத்திருப்பார்கள். அதை எடுத்து வெல்டன் கையில் வைத்தான்.

"இந்தா. நீ சுடு."

வெல்டன் பெட்டியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப நீ?"

"எனக்கு எங்கக்கா ரொப்பினது இருக்கு" என்றான் டெல்மர், கொட்டகையில் கடைசி ஆள்வரை கேட்கிற குரலில். ஹார்லனின் சில்லிக் கரண்டி அப்படியே நின்றது.

ஆர்லிஸ் பதிலுக்கு ஏதாவது கேலியாகச் சொல்ல நினைத்தாள். கடைசியில் காதுக் கவசத்தை மாட்டிக்கொண்டாள். டெல்மர் சுடுகிற கோட்டில் போய் நின்று, அவள் தோட்டாக்களை ஏற்றினான். டைமர் கூவியது. ஐந்து இரும்புத் தட்டும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. எல்லாரும் தட்டுகளைப் பார்த்தார்கள். அவள் தம்பியின் கையைப் பார்த்தாள். ஒரு வேட்டுக்கும் அடுத்த வேட்டுக்கும் நடுவே அது எங்கேயும் தயங்கவில்லை.