தேக்குத் தூண் பங்களா

வீடு வாங்க வருகிறவன் முதலில் கிணற்றை எட்டிப் பார்ப்பான். வெள்ளைச்சாமி தூணைத் தட்டிப் பார்த்தார்.

விரல் முட்டியால் ஒரு தட்டு. காதைச் சாய்த்து ஒரு கணம். பிறகு அடுத்த தூண். முற்றத்தைச் சுற்றி நின்ற பர்மா தேக்குத் தூண்கள் கணீரென்று பதில் சொல்லிக்கொண்டே வந்தன. ஒவ்வொரு தட்டும் தன் மண்டையில் விழுவது போலிருந்தது தரகன் வைரக்கண்ணுவுக்கு.

"கிணறு பாக்கலீங்களா மொதலாளி? தண்ணி எளநி மாதிரி இருக்கும்."

"தண்ணிய லாரியில ஏத்த முடியுமாய்யா?" என்று சிரித்தார் திருச்சி மரவாடிக்காரர்.

அரியலூரில் அந்த 1947ஆம் வருஷம் பெரிய வீடுகளின் நிலவரம் இதுதான். ஜமீன்களை எடுத்துவிடப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. குத்தகையை நம்பி மாளிகை கட்டியவர்கள் விற்றால் போதுமென்று துடித்தார்கள். யுத்தத்தில் சம்பாதித்தவர்கள் கையில் பணம் இருந்தது; ஆனால் கூட்டிப் பெருக்கவே நாலு ஆள் கேட்கிற பங்களாவுக்குள் குடிபோக அவர்களுக்கு மனமில்லை. யுத்தத்தோடு நின்றுபோன பர்மா தேக்கோ இன்னும் பழையபடி வந்து இறங்கவில்லை. ஆகவே நிற்கிற வீட்டைவிடப் பிரித்துப் போட்ட வீட்டுக்குத்தான் மவுசு.

உடையார்பாளையத்தில் ஆண்டவர் என்ற மிராசுதாரின் வீட்டை வைரக்கண்ணுதான் விற்றுக் கொடுத்தான். குடியிருக்கப் போவதாகச் சத்தியம் செய்து வாங்கியவன், மை காய்வதற்குள் கதவு, நிலை, உத்தரம் அத்தனையையும் லாரியில் ஏற்றிவிட்டான். அன்றிலிருந்து கடைத்தெருவில் வைரக்கண்ணுவுக்கு 'வூடுபுடுங்கி' என்று பெயர். பெரிய வீட்டுக்காரர்கள் யாரும் அவனை வாசல்படி ஏற்றவில்லை. இந்தப் பங்களாக்காரி பஞ்சவர்ணம் அம்மாள் ஒருத்திதான் ஏற்றினாள். இந்தப் பங்களாவையும் பிரிக்கக் கொடுத்துவிட்டால் அவன் தரகுத் தொழிலையே மூட்டை கட்டிவிட வேண்டியதுதான்.

பஞ்சவர்ணத்தின் புருஷன் ரங்கூனில் மர வியாபாரம் செய்தவர். யுத்தத்தில் ஜப்பான்காரன் குண்டு விழுந்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தே ஊர் வந்து சேர்ந்தார். வந்த வேகத்தில் போயும் சேர்ந்தார். இத்தனை பெரிய வீட்டை வைத்து ஆள முடியாமல் பக்கத்துத் தெருவில் ஒரு ஓட்டு வீடு பார்த்திருந்தாள் பஞ்சவர்ணம். விற்பதற்கு ஒரே ஒரு நிபந்தனை: வீட்டைப் பிரிக்கக் கூடாது.

காரணம் உள் அறையில் தொங்கியது. உத்தரத்திலிருந்து கயிற்றில் ஒரு மூங்கில் பெட்டி. அதற்குள் மஞ்சள், வளையல், ஒரு சேலை. பஞ்சவர்ணத்தின் அக்கா புஷ்பவல்லிதான் அவள் புருஷனுக்கு முதல் தாரம். தாலியோடும் பூவோடும் இந்த வீட்டில் கண் மூடியவள். அப்படிப் போனவளைப் பூவாடைக்காரி என்று வீட்டுச்சாமியாக வைத்துக் கும்பிடுவதும், வருஷா வருஷம் புதுச் சேலை மாற்றுவதும் அந்தக் குடும்பத்து வழக்கம்.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் காபி கிளப்புல இருப்பேன்" என்று சொல்லிவிட்டு வெள்ளைச்சாமி படியிறங்கினார்.

பஞ்சவர்ணம் கதவோரமாக வந்து நின்றாள். "நாளைக்கு வர்றவங்களும் வேணாம்னுட்டா அவருக்கே குடுத்துடு வைரக்கண்ணு. இனிமே ஆள் பாக்க எனக்குத் தெம்பு இல்ல."

நாளைக்கு வருகிறவர்கள் வரதராசன்பேட்டைக்காரர்கள். இருதயநாதன், ராணுவத்துக்குக் கடலை எண்ணெய் சப்ளை செய்து நாலு காசு பார்த்தவர். மனைவி லீலா மேரி, ஐந்து பிள்ளைகள். நிச்சயமாகக் குடியிருக்க வருகிறவர்கள்தான். ஆனால் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்கள். உள்ளே சாமி தொங்குகிற வீட்டை அவர்கள் ஏறெடுத்துப் பார்ப்பார்களா?

மாட்டார்கள் என்று வைரக்கண்ணு தானாகவே முடிவு கட்டினான். அவன் செய்த தப்பு அங்கேதான் ஆரம்பம்.

மறுநாள் காலை பஞ்சவர்ணம் கல்லங்குறிச்சிப் பெருமாளைச் சேவிக்க வண்டி கட்டிக்கொண்டு போனதும், அவன் முக்காலி போட்டு ஏறினான். கயிற்றை விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் அவிழ்த்தான். மாட்டுக் கொட்டகைப் பரணில் சாக்கை விரித்து மேலே வைத்தான். வந்தவர்களுக்கு வீடு பிடித்துவிட்டால் சாமி விஷயத்தைப் பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம். அவர்களை அனுப்பிவிட்டு, அம்மா வருவதற்குள் மறுபடி கட்டிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

ஸ்டேஷன் ஜட்காவில் வந்து இறங்கினார்கள் புருஷனும் மனைவியும். லீலா மேரி நேரே கிணற்றடிக்குப் போனாள். வைரக்கண்ணுவுக்கு உயிர் வந்தது.

"அடுப்புப் பொக எந்தப் பக்கம் போவும்? மழைக்கு முத்தத்துத் தண்ணி எங்க வடியும்? மாடியில பிள்ளைங்க ஓடுனா கீழ மண்ணு கொட்டுமா?" கேட்டுக்கொண்டே போனாள் அவள்.

"ராணுவத்துக்கு எண்ணெ வித்தப்ப கர்னலுகூட இவ்ளோ கேள்வி கேக்கலய்யா" என்றார் இருதயநாதன், வைரக்கண்ணுவின் காதருகே.

"கர்னலா வந்து சமைக்கப் போறாரு?" என்றாள் அவள் திரும்பாமலே.

உள் அறைக்கு வந்ததும் நின்றாள். சும்மா தொங்கிய கயிற்றைப் பார்த்தாள். சுவரில் விளக்குக் கரி. தரையில் காலையில் போட்ட கோலம்.

"இங்க என்ன இருந்துச்சி?"

"நெல்லு மூட்டைங்கம்மா. குதிரு அறை."

"நெல்லுக்கு யாருங்க கோலம் போடுறா?"

வைரக்கண்ணு வாயைத் திறப்பதற்குள் வாசலில் மாட்டு மணி கேட்டது. கோயிலில் கூட்டமில்லை, போன வண்டி போன சுருக்கில் திரும்பிவிட்டது. பஞ்சவர்ணம் துளசியும் கையுமாக அறை வாசலில் நின்றாள். அவள் கண் கயிற்றில் போய் நின்றது.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

"யாரு எடுத்தா?"

"நாந்தாம்மா. இவங்க வேதக்காரங்க, பாத்தா வேணாம்னுடுவாங்களோன்னு... பத்திரமா இருக்கும்மா, இதோ..." ஓடிப்போய்ப் பெட்டியை எடுத்து வந்தான். சாக்குத் தூசி அவன் சட்டையெல்லாம் ஒட்டியிருந்தது.

"கொட்டாயிலயா வச்ச?" பஞ்சவர்ணம் பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு தூணோரம் உட்கார்ந்தாள். "இது இங்க இருக்கிறதாலதான் பிரிக்கக் கூடாதுன்னேன். நீதான் எறக்கிட்டியே. இனிமே இது வூடு இல்ல வைரக்கண்ணு, வெறும் மரம். வெள்ளைச்சாமியையே வரச் சொல்லு."

வைரக்கண்ணு வெறும் கயிற்றை அண்ணாந்து பார்த்தான். வீட்டைக் காப்பாற்றப் போய், அது நிற்பதற்கு இருந்த ஒரே காரணத்தையும் தன் கையாலேயே அவிழ்த்துவிட்டான்.

"வா லீலா, போவலாம். ஜட்கா நிக்கிது" என்றார் இருதயநாதன்.

லீலா மேரி போகவில்லை. பஞ்சவர்ணத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். "யாருக்கா அது பெட்டிக்குள்ள?"

பஞ்சவர்ணம் பெட்டியின் மேல் கையை வைத்தாள். பிறகு அக்காவைப் பற்றிச் சொன்னாள். பிரசவத்தில் போனதை, போகும்போது தலையில் இருந்த கனகாம்பரத்தை, சேலை மாற்றுவதை.

"ஏலாக்குறிச்சி மாதாவுக்கு நாங்களும் சேலதாங்க்கா சாத்துறோம்" என்றாள் லீலா மேரி. பிறகு வைரக்கண்ணு பக்கம் திரும்பினாள். "எங்கள ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? அதுக்குள்ள நெல்லு, குதிருன்னு!"

"இப்பவே கட்டிடறேம்மா" என்று அவன் கையை நீட்டினான்.

"தொடாத!" என்றாள் பஞ்சவர்ணம். "ஆம்பள கை பட்டதே போதும். தாலி உள்ளவ கையாலதான் அது ஏறணும். என்னாலயும் ஆவாது. எதுத்த வூட்டுக் கலியம்மாதான் வருஷா வருஷம் மாட்டுவா. அவ மவ வூட்டுக்கு லால்குடி போயிட்டா."

பஞ்சவர்ணத்தின் பார்வை லீலா மேரியின் கழுத்துக்குப் போனது.

"அது தாலிதானே?"

"தாலிதாங்க்கா. சிலுவ போட்டது."

பஞ்சவர்ணம் மடியிலிருந்த பெட்டியை மெல்ல முன்னால் நகர்த்தினாள்.

இருதயநாதன் தொண்டையைக் கனைத்தார். "லீலா, பங்குச் சாமியாருக்குத் தெரிஞ்சா..."

"நானே சொல்லிக்கிறேன். நான் ஒண்ணும் கும்புடலீங்க. தாலியோட போன ஒரு பொம்பளைய அவ எடத்துல வச்சிட்டு வரேன். இதுக்குச் சாமியார் கோவிச்சிக்க மாட்டாரு."

அவள் சேலைத் தலைப்பால் பெட்டியின் தூசியைத் துடைத்தாள். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு முக்காலியில் ஏறினாள். புருஷன், முனகிக்கொண்டேதான், முக்காலி ஆடாமல் பிடித்துக்கொண்டார். கயிறு இறுகியது. பெட்டி ஒரு முறை அசைந்து நின்றது.

பஞ்சவர்ணம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீ வந்து இருப்பியா இந்த வூட்டுல?"

"இருக்கத்தான் வந்தேன். இந்த ஒரு அறைய எங்க பத்திரத்துல சேக்க வேணாம். சந்துப் பக்கம் ஒரு கதவு வச்சிருவோம், சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். முன்கூடத்துல நாங்க மாதா படம் வச்சிக்கிறோம்." முக்காலியிலிருந்து இறங்கியவள் புடவையை உதறினாள். "ஆனா பொகக்கூண்டு விரிசல் விட்டிருக்கு. அதுக்கு வெலையில கொறைக்கணும்."

பஞ்சவர்ணம் அன்று முதல் முறையாகச் சிரித்தாள். "இவ குடித்தனக்காரிதான் வைரக்கண்ணு, சந்தேகமே இல்ல. மர வியாபாரி பொகக்கூண்டப் பாக்கவே மாட்டான்."

முன்பணம் வெற்றிலைத் தட்டில் கை மாறியது. வைரக்கண்ணு நழுவப் பார்த்தான்.

"எங்க போற?" என்று மறித்தாள் பஞ்சவர்ணம். "பெட்டிக்குள்ள தீட்டுப்பட்ட சேலைய மாத்தணும். உன் தரகுல ஒரு நல்ல சேல எடுத்துட்டு வா. கன்ட்ரோல் கடை முரட்டுச் சேலையக் கொண்டாந்தியோ, வாசப்படி ஏத்த மாட்டேன்."

"சரிங்கம்மா." ஊரில் எந்தத் தரகனும் இத்தனை சந்தோஷமாக அபராதம் கட்டியிருக்க மாட்டான்.

காபி கிளப்பில் வெள்ளைச்சாமி இரண்டாவது டம்ளரில் இருந்தார். "வாய்யா, வூடுபுடுங்கி! லாரிக்குச் சொல்லிடலாமா?"

"வூடு நிக்கிது மொதலாளி. குடித்தனம் வருது. அஞ்சு புள்ளைங்க."

வெள்ளைச்சாமி டம்ளரைக் கீழே வைத்தார். பழக்க தோஷம், விரல் முட்டி எதிரிலிருந்த மேஜையைத் தட்டியது. மாமரப் பலகை, பொத்தென்றது. முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

"இன்னொரு காபி சாப்பிடுய்யா, பேசுவோம்."

"இன்னொரு நாளைக்குங்க. ஜவுளிக்கடைய மத்தியானத்துக்குச் சாத்திடுவான்" என்று சொல்லிவிட்டு வைரக்கண்ணு கடைத்தெருவுக்குள் வேகமாக நடந்தான்.