காப்புக் கட்டிய சென்டர் பார்வர்டு

ஆட்டம் நடக்கிற மாதங்களில் எனக்கு எந்தக் கவலையும் கிடையாது. தோற்றால் ரெஃப்ரியைத் திட்டுவேன், ஜெயித்தால் நாலு பரோட்டா கூடுதலாகத் தின்பேன், படுத்ததும் தூங்கிவிடுவேன். ஆட்டமே இல்லாத மே மாதத்தில்தான் என் உயிர் போகும். எவன் எந்த அணிக்குப் போகிறான், எவன் எங்கே டீ குடித்தான், எவன் எவனோடு வண்டியில் போனான் என்று ஊர் முழுக்கக் காதை வைத்துக்கொண்டு அலைய வேண்டும்.

எங்கள் மாவட்டக் கால்பந்து லீக்கில் ஆட்டக்காரன் ஒரு வருஷத்துக்குத்தான் ஒரு அணிக்குச் சொந்தம். சீசன் முடிந்ததும் எல்லோரும் அவிழ்த்துவிட்ட மாடுதான். அழகர் மதுரையை விட்டு மலைக்குத் திரும்பி, ஊர் கொஞ்சம் ஓய்ந்த பிறகு ‘கையெழுத்து வாரம்’ என்று ஒன்று வரும். திங்கள் முதல் சனி வரை. அந்த ஆறு நாளுக்குள் ஆட்டக்காரன் லீக் ஆபீசுக்கு நேரில் போய், செயலாளர் முன்னால் எந்த அணிக்குக் கையெழுத்துப் போடுகிறானோ அந்த வருஷம் அந்த அணிக்கு ஆடுவான். போடாமல் விட்டால் வருஷம் முழுக்க வெளியே நின்று வேடிக்கைதான்.

என் அணி மகால் லெவன். தெற்குவாசலில் எஸ்.டி.டி. பூத் வைத்திருக்கிற துளசிராம் என்றால் அந்த அணியில் எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பதவி எதுவும் இல்லை. பதவியில் இருக்கிறவர்களைவிட எனக்கு விஷயம் அதிகம் தெரியும், அவ்வளவுதான். முட்டி தேய்ந்த கோல்கீப்பரை இரக்கப்பட்டு இன்னும் வைத்திருக்கிறார்கள். அவரை மரியாதையாக அனுப்பிவைக்கச் சொன்னேன், கேட்கவில்லை. எங்கள் தெருப் பையன் ஹரிஷ்குமாரை நழுவ விட்டுவிடாதீர்கள் என்று சொன்னேன், அதையும் கேட்கவில்லை. போன வருஷம் அவனையும் இன்னொருவனையும் ஆனையூர் பிரதர்ஸ் அணி தூக்கிக்கொண்டு போனது. தூக்கியவன் சிவனாண்டி.

இந்தச் சிவனாண்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆனையூரில் சொந்தமாக வேன் ஓட்டுகிறான். நல்ல உயரம், வெள்ளைச் சட்டை, எப்போதும் சிரிப்பு. அவன் வாயைத் திறந்தால் எதிரணி ஆட்டக்காரன்கூட நின்று கேட்பான். நான் பேசினால் சொந்த அணிக்காரனே கடிகாரத்தைப் பார்ப்பான். அவனை எனக்குக் கண்டாலே ஆகாது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

போன வருஷம் அவன் இருவரைக் கொண்டுபோனதைத் தாங்கிக்கொண்டேன். ஏனென்றால் எங்களிடம் நல்லகாமன் இருந்தான்.

நல்லகாமன் சென்டர் பார்வர்டு. சமணர் மலை தாண்டி, கீழக்குயில்குடிக்கு அப்பால் ஒரு சின்ன ஊர் அவனுக்கு. டயர் ரீட்ரேடிங் பட்டறையில் வேலை. தங்க இடம் இல்லாமல் இருந்தவனுக்கு என் பூத்துக்கு மேலே இருந்த அறையைக் கொடுத்ததே நான்தான். அவன் பந்தைக் காலில் வாங்கித் திரும்புகிற அந்த ஒரு திரும்பலைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு வேண்டாம். ஆட்டம் முடிந்ததும் நேராக என்னிடம் வந்து, “எப்டிண்ணே?” என்று கேட்பான். இருநூறு பேர் நிற்கிற இடத்தில் என்னைத்தான் கேட்பான்.

அந்த நல்லகாமனைத் தொண்ணூற்றொன்பதாம் வருஷம் மே மாதத்தில், பைபாஸ் ரோட்டில், சிவனாண்டியின் வேனில் பார்த்தேன். பின்னால் உட்கார்ந்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். ஸ்டியரிங்கையே அவன் பிடித்திருந்தான். பக்கத்தில் சிவனாண்டி, அவன் தோளில் கையைப் போட்டபடி. இரண்டு பேரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்னோடு இருக்கும்போது நல்லகாமன் ஒரு நாளும் அப்படிச் சிரித்தது கிடையாது.

சாயங்காலம் அவன் வந்ததும் கேட்டேன்.

“எங்கடா போன?”

“வண்டி பழகப் போனேண்ணே. லைசென்ஸ் எடுக்கணும்ல.”

“மதுரையில ஓட்டப் பழகிக் குடுக்க வேற ஆளே இல்லையா?”

“அவரு சும்மா கத்துக்குடுக்கிறாருண்ணே.”

“எவன்டா சும்மா குடுப்பான்? இன்னும் பத்து நாள்ல கையெழுத்து. அதான் குடுக்கிறான்.”

“அண்ணே, நான் மகாலுக்குத்தான் ஆடுறேன். எங்கயும் போக மாட்டேன். எத்தன தடவண்ணே சொல்றது?”

சொன்னான், உண்மைதான். ஹரிஷ்குமாரும் போன வருஷம் இதையேதான் சொன்னான். அன்றைக்கு மட்டும் நல்லகாமனிடம் ஏழெட்டுத் தடவை கேட்டிருப்பேன். அவன் குளிக்கிற இடத்தில் வெளியே நின்றுகூடக் கேட்டேன். என் மனைவி ஹம்சவேணி எங்கள் வீட்டு மொழியில் ஒன்று சொன்னாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தான் பிறந்த வீட்டுக்குப் போன ஒரு நாளாவது நான் இப்படி வாசலுக்கும் தெருவுக்கும் நடந்தது உண்டா என்று கேட்டாள். நீ ஆனையூருக்கா போகப்போகிறாய் என்று நான் திருப்பிக் கேட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கையெழுத்து வாரத்துக்கு முந்தின வாரம் அவன் ஊரில் அம்மன் கோயில் பொங்கலுக்குக் காப்புக் கட்டு. பொங்கலன்று மட்டும் போய்விட்டு வருகிறேன் என்று நல்லகாமன் பேச்சுவாக்கில் சொன்னான். அந்த நிமிஷம் என் மூளையில் விளக்கு எரிந்தது. காப்புக் கட்டிக்கொண்டவன் பொங்கல் முடிகிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. சிவனாண்டி எத்தனை வேன் கொண்டுவந்தாலும் அவனை அசைக்க முடியாது! எங்கள் தெரு அம்மன் கோயிலில் செவ்வாய் காப்புக் கட்டினால் அடுத்த செவ்வாய் பொங்கல். கையெழுத்து வாரத்தின் முதல் இரண்டு நாளும் பையன் கட்டுக்குள் இருப்பான். புதன்கிழமை காலையில் நான் போய் அவன் வீட்டு வாசலில் நின்றுகொள்வேன். இதைவிட நல்ல பூட்டு எந்தக் கடையில் கிடைக்கும்?

அவனிடம் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டான். அதனால் டி.வி.எஸ். பிப்டியை எடுத்துக்கொண்டு நேராக அவன் அம்மா ராமக்காளிடம் போனேன்.

“ஏம்மா, போன வருஷம் ஒங்க மகனுக்கு முட்டியில அடிபட்டப்ப ஆத்தாவுக்கு நேந்துக்கிட்டீங்கல்ல?”

“ஆமாய்யா. தீச்சட்டி எடுக்கிறதா நேந்திருக்கேன்.”

“அடிபட்டவன் அவன். அவனே காப்புக் கட்டி எடுத்தா ஆத்தாவுக்கும் திருப்திதான?”

அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டார். டவுனில் இருக்கிற ஆளுக்கு இம்புட்டு பக்தியா என்று கண் கலங்கினார். அம்மா கூப்பிட்டால் மகன் மறுப்பானா? பட்டறையில் சொல்லிவிட்டு வந்து சேர்ந்தான். செவ்வாய்க்கிழமை மஞ்சள் கயிறு அவன் மணிக்கட்டில் ஏறுகிறதைக் கூட்டத்தில் நின்று என் கண்ணால் பார்த்த பிறகுதான் ஊர் திரும்பினேன். யார் சொல்லி அம்மா கூப்பிட்டார் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. அந்த ஒரு வாரம் குழந்தை மாதிரித் தூங்கினேன்.

புதன்கிழமை விடிந்ததும் போனேன். நல்லகாமன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். மணிக்கட்டில் காப்பு அப்படியே இருந்தது.

“என்னடா, இன்னும் அவுக்கலையா? நேத்துத்தான பொங்கல்?”

“நேத்தாவது, பொங்கலாவது. அடுத்த செவ்வாய்தாண்ணே பொங்கல்.”

“காப்புக் கட்டி எட்டாம் நாள் பொங்கல் இல்லையா?”

“அது ஒங்க ஊருல. எங்க ஊருல பதினஞ்சாம் நாளு. கட்டச் சொல்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?”

கையெழுத்துக்குக் கடைசி நாள் வருகிற சனிக்கிழமை. ஆட்டோ வைத்து ஒரு மணி நேரத்தில் போய் வந்துவிடலாம், யாருக்கும் தெரியாது என்றேன். அவன் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டேன். “எங்கம்மா செத்துப்போகும்ணே,” என்றான். ஆக, சிவனாண்டிக்கும் இல்லை, எனக்கும் இல்லை. ஒரு வருஷம் முழுக்க அவன் கால் சும்மா கிடக்கப்போகிறது. அதற்குப் பூட்டுப் போட்டவன் நான்.

லீக் செயலாளர் மலையாண்டி சார் ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார். அவரிடம் ஓடினேன். கேட்டுவிட்டு முதலில் ஐந்து நிமிஷம் சிரித்தார்.

“பதிவேட்ட தூக்கிக்கிட்டு நானே வாரேன், அது ஒண்ணும் பெருசில்ல. ஆனா ஆபீசுக்கு வெளிய போட்ட கையெழுத்து செல்லாதுன்னு நாளைக்கு எவனும் கெளப்பக் கூடாது. கெளப்பக்கூடிய ஆளு சிவனாண்டிதான். அவனையே சாட்சிக்குக் கூட்டிட்டு வா.”

“சார், அவனையா?”

“அவனைத்தான். அவன் முன்னாடி பையன் எந்த டீம சொல்றானோ, அந்த டீமு.”

ஆனையூருக்குப் போகிற வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டு போனேன். நானாகவே போய், என் சென்டர் பார்வர்டு இந்த இடத்தில் இருக்கிறான், வா என்று அவனை அழைக்க வேண்டும். சிவனாண்டி வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

“அடடா, பையன் வருஷம் வீணாப் போயிருமேண்ணே,” என்றான். “வெள்ளிக்கிழம வேன எடுத்துட்டு வாரேன். சாரையும் நானே ஏத்திக்கிறேன். நீங்க கவலப்படாதீங்க.”

அவன் நல்லவனாக நடந்துகொண்டது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வேன் முன்னால் போனது. சார் முன் சீட்டில். நான் டி.வி.எஸ்.ஸில் அதன் புழுதியைத் தின்றுகொண்டு பின்னால். ஊர் எல்லைக்கு உள்ளே நல்லகாமன் காத்திருந்தான். சிவனாண்டி இறங்கியதுமே ஒரு பை நிறையத் தேங்காயும் பழமும் ராமக்காள் கையில் கொடுத்தான். நான் வெறுங்கையோடு போயிருந்தேன். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சார் பதிவேட்டை வேனின் முன் சீட்டில் விரித்து வைத்தார்.

“தம்பி, ரெண்டு பேரும் இருக்காங்க. வாய்விட்டுச் சொல்லு. எந்த டீமு?”

சிவனாண்டி எங்கோ பார்த்தபடி நின்றான்.

“மகால் லெவன் சார்,” என்றான் நல்லகாமன், யோசிக்கவே இல்லை. குனிந்து கையெழுத்துப் போட்டான்.

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. சிவனாண்டியின் முகத்தைத்தான் முதலில் பார்த்தேன், அதில் ஏதாவது வாடியிருக்குமா என்று. ஒன்றும் வாடவில்லை. நான் நல்லகாமனைக் கட்டிப்பிடிக்கப் போனேன். அவன் ஓர் அடி பின்னால் போனான்.

“காப்புக் கட்டியிருக்கேன்ல. தொடாதீங்க,” என்றான். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டான். “அந்த மாடி ரூம காலி பண்ணிக்கிறேண்ணே. பொங்கல் முடிஞ்சு வந்து சாமான எடுத்துக்கிறேன்.”

“ஏன்டா? எங்க போற? இவன் வீட்டுக்கா?”

“பாத்தீங்களா, இப்பவும் அதத்தான் கேக்கிறீங்க. போன வருஷமே அவரு என்னயக் கூப்பிட்டாருண்ணே. வர மாட்டேன்னு ஒரே ஒரு தடவ சொன்னேன். அதோட விட்டுட்டாரு. அதுக்கப்புறம் எங்க பேச்சுல டீமே வந்ததில்ல. ஒங்ககிட்ட, போக மாட்டேன், போக மாட்டேன்னு எம்புட்டுத் தடவ சொன்னேன். நீங்க விடவே இல்ல. எங்கம்மாவ வச்சு, ஆத்தாவ வச்சு என்னயக் கட்டிப்போட்டீங்க.”

அவன் குரலை உயர்த்தியிருந்தால் நானும் உயர்த்தியிருப்பேன்.

“ஆடுறேண்ணே. நல்லா ஆடுவேன். அதுல கொற வைக்க மாட்டேன். கிரவுண்டுல பாப்போம்.”

ராமக்காள் எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டார். மலையாண்டி சார் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உனக்கு வேண்டியது கிடைத்துவிட்டதல்லவா, அப்புறம் ஏன் இப்படி நிற்கிறாய் என்று கேட்டுவிட்டு நடந்தார். சிவனாண்டி மட்டும் நின்றான். “வாங்கண்ணே, ஒரு வாய் சாப்பிட்டுப் போலாம்,” என்று என்னைக் கூப்பிட்டான், என் நல்லகாமனின் வீட்டுக்கு, ஏதோ அவன் வீடு மாதிரி. கடையில் ஆளில்லை என்றேன்.

அவர்கள் இருவரும் சேர்ந்து நடந்தார்கள். சிவனாண்டி ஏதோ சொல்ல, நல்லகாமனின் தோள் சிரிப்பில் குலுங்கியது. கையெழுத்து எங்களுடையது, இந்த வருஷம் அவன் போடுகிற கோல் எல்லாம் எங்களுடையது, எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. வண்டியை உதைத்துக் கிளப்பியவன் அணைத்துவிட்டுக் கத்தினேன்.

“டேய் நல்லகாமா! அடுத்த வருஷமும் எங்களுக்குத்தானடா?”

நல்லகாமன் திரும்பவில்லை. சிவனாண்டிதான் திரும்பிப் பார்த்தான்.