நாடாவின் நுனி

விடுமுறை நெருங்கிவிட்டால் கடையில் எல்லோரும் கேட்பதுதான். "லீவுக்கு எங்கக்கா?" பரிசுப் பெட்டிகளுக்குத் தாள் சுற்றும் மேசையில் நின்று அவள் ஆளுக்கொரு பதில் சொன்னாள். தங்கச்சி வீட்டுக்கு. மலைப்பக்கம். எங்கேயும் இல்லை, தூங்கப்போறேன். மகளை நாளைக் காலை அவள் அப்பா வந்து அழைத்துப்போகிறார் என்று யாரிடமும் சொல்லவில்லை. அவர் மறுபடி கல்யாணம் செய்துகொண்டபின் வரும் முதல் விடுமுறை. முழுக்க அவரிடம் என்று நீதிமன்றத்தில் இவள்தான் தலையாட்டியிருந்தாள்.

"இந்தப் பாட்டையே இன்னொரு தடவ போட்டா என்னையே பார்சல் கட்டி அனுப்பிடு" என்றாள் ரிப்பன் நறுக்கும் தோழி, கடை ஒலிபெருக்கியைக் காட்டி.

மதியத்துக்கு மேல் ஒரு பெண் ஷூ பெட்டியோடு வந்தாள். சின்ன வயசு.

"நல்ல தாளா போடுங்கக்கா. அவளுக்குப் பிடிக்கணும்."

"சீட்டுல யாருக்குன்னு எழுதணும்?"

"மூஞ்சூறுக்குன்னு." வெட்கப்பட்டுச் சிரித்தாள். "எந்நேரமும் நகத்தக் கடிப்பாளாம். அவங்கப்பா அப்படித்தான் கூப்பிடுவாரு. நாளைக்கு மொதமொதலா எங்க வீட்டுக்கு வர்றா. என்ன சமைக்கிறதுன்னே தெரியல."

அந்தப் பெயரை மகளுக்கு வைத்ததே இவள்.

"நீங்களே எழுதுங்கம்மா. என் எழுத்து கோணலா இருக்கும்."

விலைச்சீட்டைக் கிழிக்கப் பெட்டியைத் திறந்தாள். சிவப்பு ஷூ. சின்னது. அவருக்குத் தெரிந்தது போன வருஷத்துக் கால். மகள் வாய் திறக்கமாட்டாள். நல்லா இருக்கு என்பாள். விரல்களை மடக்கிக்கொண்டு லீவு முழுக்க நடப்பாள். பிறகு கொப்புளத்தோடு திரும்பி வந்து, வலிக்குதும்மா என்று இவள் மடியில் காலைப் போடுவாள்.

பெட்டியை மூடினாள். தாளை அளந்து வெட்டினாள். ஒரு பக்கம் மடித்தும்விட்டாள்.

"உங்களுக்குப் பசங்க இருக்காங்களாக்கா?"

கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு இவள் கேட்டாள்.

"உங்க பொண்ணுக்கு என்ன வயசு?"

"எட்டு."

"அப்ப இது பத்தாதும்மா. ரெண்டு சைஸ் பெருசா எடுத்துட்டு வாங்க."

"அவரு இதான்னு சொன்னாரே."

"அவருக்கென்ன தெரியும். கால் வளந்திருக்கும்."

அந்தப் பெண் ஓடிப்போய் மாற்றி வந்தாள். "நல்லவேளை சொன்னீங்க. மொத நாளே மானம் போயிருக்கும்."

வெட்டிய தாள் புதுப் பெட்டிக்குப் போதவில்லை. வேறு எடுத்தாள். சுற்றினாள். கடைசியில் ஒட்டுநாடா. வீட்டில் எதை ஒட்டினாலும் நாடாவின் நுனியைக் கொஞ்சம் உள்ளே மடித்துவிடுவாள். நகமில்லாத விரல் பிடித்து இழுக்க வேண்டுமே. கடையில் அப்படி ஒட்டினால் மேலாளர் திட்டுவார்.

மடித்து ஒட்டினாள்.

அந்தப் பெண் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். "இங்க கொஞ்சம் மடிஞ்சிருக்கேக்கா?"

"இருக்கட்டும்மா. அப்படியே விட்டுடுங்க."

அடுத்தவர் பெட்டியை மேசைமேல் வைத்தார். இவள் தாளை இழுத்தபடி வாசலைப் பார்த்தாள். கூட்டத்தில் போய்க்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் கட்டைவிரல், மடிந்த நுனியை நீவி நீவி விட்டுக்கொண்டே போயிற்று.