ஃபீக்கா நேரத்தில் ஓடிய கேமரா

சாப்பிடாத குழந்தைகளைச் சாப்பிட வைப்பதுதான் இருபத்திரண்டு வருஷமாக எனக்குப் பிழைப்பு. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ராக்னில்ட் வந்தால் எந்த வாயும் திறக்கும் என்று ஸ்வீடனில் எங்கள் ஊரான ஊமியோவில் ஒரு பேச்சு உண்டு. கிளப்பிவிட்டதே நான்தான். அதில் மண்ணைப் போட்டாள் ஸ்வேயா.

ஒன்பது மாதக் குழந்தை. கரண்டியைக் கண்டாலே வீறிடுவாள். எடை ஏறவே இல்லை. வியாழக்கிழமைக்குள் ஏறாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நானும் சக ஆராய்ச்சியாளர் மைக்கனும், குழந்தைகள் சாப்பிடுவதைப் பற்றிய எங்கள் ஆராய்ச்சிக்காகக் கேமராவை ஓடவிட்டுக் கைதட்டினோம், பாடினோம், "ம்ம்ம், என்னா ருசி!" என்று கண்ணை உருட்டினோம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள விடுப்பு எடுத்திருந்த அவள் அப்பா டோர்கெலையும் நான் விடவில்லை.

"சிரிங்க டோர்கெல்! அவ முகத்தையே பாருங்க!"

டோர்கெலுக்கு ஆட்டிசம் உண்டு. முதல் நாளே படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். பாவம், பல்வலிக்காரர் மாதிரி சிரித்தார்.

செவ்வாய்க்கிழமை இரண்டரை மணி ஆனது. இரண்டரை என்றால் ஃபீக்கா. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து காப்பி குடித்து, இலவங்கப்பட்டை போட்ட பன் தின்றாக வேண்டும். கட்டடம் தீப்பிடித்தாலும் ஃபீக்காவை முடித்துவிட்டுத்தான் அணைப்போம். டோர்கெலைக் கூப்பிட்டேன், வேண்டாம் என்று தலையசைத்தார். ஓடிய ஓட்டத்தில் கேமராவை அணைக்க மறந்துவிட்டேன்.

திரும்பி வந்தால் கிண்ணத்தில் பாதி காலி.

"நீங்களே சாப்பிட்டுட்டீங்களா?" என்றேன். ச்சே, என்ன வாய் எனக்கு!

"கேமரால பாருங்க," என்றார்.

பார்த்தோம். நாங்கள் போனதும் டோர்கெல் மேல் விளக்கை அணைத்தார். குழந்தையின் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பினார். கரண்டியில் கேரட் மசியலை எடுத்து அவள் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு, அவளைப் பார்க்காமல் தன் ரொட்டியை மொறுமொறுவென்று மென்றார். நான்கு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒரு குட்டிக் கை வந்தது. கரண்டி வாய்க்குள் போனது. அவர் பேசாமல் அடுத்த கரண்டியை வைத்தார்.

மைக்கன் என் விலாவில் இடித்தாள். "அடியே, இருபத்திரண்டு வருஷம்னு பீத்திக்கிட்டியே!"

"சும்மா இருடி." எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. "ஏன் டோர்கெல், முன்னாடியே சொல்லிருக்கலாமே?"

"நீங்க கேக்கலையே. சிரிக்கத்தானே சொன்னீங்க."

அன்றிலிருந்து எங்கள் அறையில் கைதட்டலுக்குத் தடை. வியாழக்கிழமை எடை எண்பது கிராம் கூடியிருந்தது. இப்போதைக்குக் குழாய் வேண்டாம் என்றார் டாக்டர். டோர்கெலின் சம்மதத்தோடு ஆராய்ச்சிக் கட்டுரையில் அவர் பெயரையும் எங்கள் பெயர்களோடு சேர்த்தேன்.

"இன்னிக்காவது ஃபீக்காவுக்கு வருவீங்களா?" என்று கேட்டேன்.

"வரேன். ஆனா நான் சாப்பிடும்போது யாரும் என்னைப் பாக்கக் கூடாது."

ஃபீக்கா மேஜையில் எங்கள் பிரிவின் ஆறு பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் காப்பி குடித்தோம். டோர்கெல் இரண்டு பன் எடுத்துக்கொண்டார்.