நான் குத்திய புள்ளி

தப்பு என் பக்கம் இல்லை என்று காலை ஒன்பது மணியிலிருந்து அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்பதற்கு இருந்தது என் தங்கச்சி ஒருத்திதான். அவளும் காதில் வாங்கவில்லை. முட்டை பொரிக்கும் பெட்டியைப் போர்வையால் சுற்றி, வெந்நீர் பாட்டில்களை உள்ளே செருகிக்கொண்டிருந்தாள்.

பெட்டிக்குள் நான்கு தட்டு, அறுநூறு முட்டை. பதினெட்டு நாள் அலாரம் வைத்து எழுந்து, ஒவ்வொன்றையும் கையால் திருப்பியிருந்தாள். இன்று இருபதாம் நாள். நாளைக்குக் குஞ்சுகள் ஓட்டை உடைத்துக்கொண்டு வர வேண்டும். நேரம் பார்த்து இன்று விடிகாலைக் காற்றில் மின்கம்பம் சாய்ந்தது. கரண்ட் சாயங்காலம்தான் என்று லைன்மேன் கைவிரித்துவிட்டார்.

போன தடவையும் இப்படித்தான் கரண்ட் போய் எல்லா முட்டையும் பாழாயின. "இதுவும் போச்சுன்னா நான் பழையபடி தையல் கம்பெனிக்கே போயிடுவேண்ணா" என்று சொல்லியிருந்தாள். பாத்ரூம் போகக்கூட டோக்கன் வாங்க வேண்டிய கம்பெனி அது. ஆறு வருஷம் அங்கே கிடந்து மீண்டு வந்தவள்.

அதற்காகத்தான் நேற்று அவளுடைய ஜெனரேட்டரைப் பிரித்தேன். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் தேய்ந்து போயிருந்தது. கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் போட்டேன். பூட்டி முடித்ததும் ஓட்டிப் பார்த்தேனா? இல்லை. நான் பூட்டிய எஞ்சினை நானே சந்தேகப்படுவதா என்ற திமிர்.

இன்றைக்குக் கைப்பிடி போட்டுச் சுற்றுகிறேன், சுற்றுகிறேன், தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கிறது, புகைகூட வரவில்லை. டீசல் எஞ்சினில் காற்று நன்றாக இறுகினால்தான் நெருப்பு பற்றும். அந்த அழுத்தத்தை அளக்கும் கேஜை மாட்டிப் பார்த்தேன். நானூறு காட்ட வேண்டிய முள் இருநூறைத் தாண்ட மாட்டேன் என்றது.

"எண்ணெய் கேன் எங்கடீ?" என்று உள்ளே பாய்ந்தேன்.

"அலமாரியில. கதவைச் சாத்துண்ணா, குளிர் அடிக்குது."

பிஸ்டன் வளையம் தேய்ந்திருந்தால், சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டதும் முள் ஏறும். விட்டேன். சுற்றினேன். இம்மிகூட ஏறவில்லை. சரி, வளையம் இல்லை. அப்படியென்றால் வால்வு. இடைவெளியை அளக்கும் தகட்டைத் தேடி மறுபடி உள்ளே ஓடினேன், காணோமென்று அவளைத் திட்டினேன். அது என் சட்டைப்பையிலேயே இருந்தது. வெளியே வந்து அளந்தேன். அளவெல்லாம் கச்சிதம்.

"பெட்டியில சூடு எவ்வளவு இருக்கு?" என்று மூன்றாம் முறை உள்ளே போய்க் கேட்டேன்.

"முப்பத்தொண்ணு. முப்பத்தேழரை இருக்கணும்." குரல் உடைந்தது. "கதவுண்ணா..."

"இந்த நேரத்துல கதவு ஒண்ணுதான் கேடா?" என்று கத்திவிட்டு வந்தேன். ஈரக்குலை நடுங்கியது என்பதை வேறு எப்படிச் சொல்வேன்? எனக்குக் கத்தத்தான் தெரியும். தெருவில் எனக்குப் பட்டாசு மெக்கானிக் என்றே பெயர்.

காற்று வடிகட்டியைக் கழற்றினேன். காற்று உள்ளே போகும் வாயில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, மறு கையால் சக்கரத்தை மெல்லத் திருப்பினேன். முதலில் கையை உள்ளே இழுத்தது. பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கியதும் புஸ்ஸென்று கையில் ஊதியது. மறுபடி திருப்பினேன். மறுபடி ஊதியது. மூடியிருக்க வேண்டிய வால்வு இன்னும் திறந்தே இருக்கிறது. இடைவெளி சரி, ஆனால் மூடும் நேரம் தப்பு. அப்படியானால் கேமின் பல்சக்கரத்தை நான் இடம் மாற்றிக் கோத்திருக்கிறேன்.

எப்படி? ரெண்டு சக்கரத்தையும் புள்ளிக்குப் புள்ளி சேர்த்துத்தானே பூட்டினேன்!

பல்சக்கரங்களின் மூடியைக் கழற்றித் துணியால் துடைத்தபோது தெரிந்தது. கேமைச் சுழற்றும் கீழ்ச் சக்கரத்தில் இரண்டு புள்ளிகள். ஒன்று கம்பெனி வைத்தது. இரண்டு பல் தள்ளி இருந்த இன்னொன்று, நான் குத்தியது. ஏழு வருஷத்துக்கு முன் பழைய கேமில் லேத்காரர் சக்கரத்தைக் கோணலாக ஏற்றிவிட்டார். அதைச் சரிக்கட்ட நானே உளியால் ஒரு புள்ளி குத்தி, "இனிமே இதுதான் கணக்கு" என்று பெருமையடித்தேன். புதிய கேமுக்குக் கோணலே கிடையாது. அதைக் கொண்டுபோய் என் புள்ளியோடு சேர்த்திருக்கிறேன்.

நேற்று இந்தச் சக்கரத்தை மண்ணெண்ணெயில் கழுவிக் கொடுத்தவள் தங்கச்சி. "அண்ணா, இதுல ரெண்டு புள்ளி இருக்கே?" என்று கேட்டாள். "தெரியும், நீ உன் முட்டையைப் பாரு" என்றேன்.

அங்கேயே சிமெண்ட் தரையில் உட்கார்ந்து அழுதேன். ஒரு நிமிஷம்தான். அழுவதற்குக்கூட நேரம் இல்லை.

கேமை இழுத்து, கம்பெனிப் புள்ளியில் கோத்து, வால்வு இடைவெளியைத் திரும்பப் பார்த்துப் பூட்டி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. நான்காம் முறையாக ஸ்பேனருக்காக உள்ளே ஓடினேன். அப்போது அவள் கீழ்த்தட்டைத் திறந்து பாட்டில் மாற்றிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது சுற்றிலேயே எஞ்சின் இருமிப் பிடித்துக்கொண்டது. பெட்டியில் சூடு தரும் பல்புகள் எரிந்தன. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பெட்டியின் வெப்பமானி முள் முப்பத்தேழைத் தொட்டதும் அவள் தட்டுகளுக்கு அருகே காதை வைத்துக் கேட்டாள். முதல் தட்டில் ஓட்டுக்குள்ளிருந்து மெல்லிய கீச்சொலி. இரண்டாவதில் அதே. மூன்றாவதிலும். கீழ்த்தட்டில் வெகுநேரம் காதை வைத்திருந்தாள். பிறகு முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காதோரம் வைத்தாள். ஒன்றிலும் சத்தமில்லை. வாசலுக்கு நேரே இருக்கும் தட்டு அது. நான் பாய்ந்து வந்தபோதெல்லாம் பாட்டில் மாற்றுவதற்காக அவள் திறந்து வைத்திருந்த தட்டு.

"தப்பு என்மேலதான்" என்றேன். வெளியே எஞ்சின் இரைச்சல். அவளுக்குக் கேட்கவில்லை.

"என்னண்ணா?"

"தப்பு என்மேலதான்!" தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். "நீ தையல் கம்பெனிக்குப் போயிட மாட்டியே?"

செத்த தட்டை இரண்டு கையாலும் உருவி எடுத்தாள். ஏந்திக்கொள்ளச் சொல்லி என்னிடம் நீட்டினாள். நூற்றைம்பது முட்டை, ஜில்லென்று கனத்தது.

"மூணு தட்டு இருக்கு. போக மாட்டேன்" என்றாள். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள். "முதல்ல போய் அந்தக் கதவைச் சாத்து."