மாப்பிள்ளை கண்ணடிக்கிற டிரெய்லர்

மின்சாரம் பொய் சொல்லாது; அதைக் கட்டி மேய்ப்பவனும் பொய் சொல்லலாகாது. மின்சார ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் இந்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்றவர் சூப்பர்வைசர். அவர் சொல்லும்போதெல்லாம் தலைக்கு மேலே ஒரு டியூப்லைட் துடித்துக்கொண்டிருக்கும். அதை மாற்ற வேண்டும் என்று அந்த ஆபீசில் யாருக்கும் தோன்றியதில்லை.

அப்பேர்ப்பட்டவர் இப்போது தங்கை வீட்டு ஷெட்டில், காரில் மாட்டிப் படகை இழுத்துப் போகும் டிரெய்லருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, இரண்டு சிவப்பு விளக்குகளைப் பார்த்து வியர்த்துக்கொண்டிருந்தார். மணி மூன்றுதான். மழை மூட்டத்தில் ஷெட்டுக்குள் அந்தி மாதிரி கவிந்திருந்தது. முன்னால் காரில் தங்கை.

இடது இண்டிகேட்டரைப் போடச் சொன்னார். இரண்டு பக்கமும் மங்கலாக இமைத்தன. பிரேக்கை மிதிக்கச் சொன்னார். இமைத்துக்கொண்டிருந்ததும் அணைந்தது.

அவள் புருஷன் போய்ச் சேர்ந்து ஏழு மாதம். படகில் தீவுக்கு ஆள் ஏற்றிப் போய் வந்த மனிதர். துறையில் கட்டிப்போட்டால் எஞ்சினைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று தினம் சாயங்காலம் படகை வீட்டுக்கே இழுத்து வந்துவிடுவார். இனி நானே ஓட்டுகிறேன் என்று தங்கை துணிந்துவிட்டாள். நாளைக் காலை படகு தண்ணீரில் இறங்காவிட்டால் துறையில் அவர்களுடைய இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். நேற்றே கிளம்பியவளை, விளக்கைச் சரிபண்ணிக்கொண்டு வா என்று போலீஸ்காரர் பாதி வழியில் திருப்பி அனுப்பிவிட்டார்.

சூப்பர்வைசர் முதலில் பல்பைக் குறை சொன்னார். புது பல்பும் அப்படியே இமைத்தது. பிளக் என்றார், தேய்த்துத் துடைத்து மாட்டியும் பயனில்லை. பிறகு காரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். அக்கம்பக்கத்து டிரெய்லரை இரவல் வாங்கி அதே காரில் மாட்டிப் பார்த்தார்கள். அதன் விளக்குகள் பளிச்சென்று எரிந்தன.

உண்மையில் கோளாறு எங்கே என்று முதல் நிமிஷத்திலேயே அவருக்குத் தெரியும். கரண்ட் விளக்குக்குப் போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது, திரும்பி வர வழி வேண்டும். அந்த வழிக்குத்தான் எர்த் என்று பெயர். வழி அடைபட்டால் அது கண்ட விளக்கிலும் நுழைந்து திரும்பப் பார்க்கும். இரண்டு வருஷம் முன்பு இந்த டிரெய்லருக்கு ஒயரிங் போட்டவர் அவர்தான். அதன் இரும்புச் சட்டத்துக்கு நீலப் பெயிண்ட் இரண்டு கோட் அடித்து, அது கண்ணாடியாய் மின்னியதைக் கண்டு, பெயிண்ட் கரண்டை விடாது என்று தெரிந்தும் சுரண்ட மனசு வராமல் பெயிண்டின் மேலேயே எர்த் போல்ட்டை முறுக்கியவரும் அவர்தான். கீழே வேலை பார்த்தவன் எவனாவது அப்படிச் செய்திருந்தால் அரைநாள் நிற்கவைத்துப் பிரசங்கம் பண்ணியிருப்பார்.

தங்கையிடம் எப்படிச் சொல்வது? பேய் பிசாசு என்று பேசுகிறவர்களை ஆயுசு முழுக்கக் கேலி பண்ணியவர், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒண்ணு சொல்றேன், பயப்படாத. மாப்பிள்ளை இன்னும் இங்கதான் இருக்கார்னு நினைக்கிறேன்."

தங்கை கண்ணாடியை இறக்கித் திரும்பிப் பார்த்தாள். "அவரா? இருந்தா வந்து ஒரு கை பிடிக்கச் சொல்லுங்கண்ணே" என்றாள். பெரிய டார்ச் எடுத்து வருகிறேன் என்று வீட்டுக்குள் போனாள். இண்டிகேட்டரை அணைக்க மறந்துவிட்டாள்.

ஷெட்டில் அவர் மட்டும். விளக்குகள் இமைத்தன. மாப்பிள்ளை யாரையாவது கலாய்க்கும்போது இப்படித்தான் மெதுவாகக் கண்ணடிப்பார். படகின் தார்ப்பாய் காற்றே இல்லாமல் ஒருமுறை உப்பி அடங்கியது. டீசலும் சோப்பும் கலந்த வாசனை, மாப்பிள்ளை வேலை முடித்து வரும்போது அடிக்கும் அதே வாசனை, பக்கத்தில் யாரோ குந்தியிருப்பது போல நெருங்கி வந்தது. தான் சொன்ன பொய் தன் பக்கத்திலேயே வந்து உட்காரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

மல்லாந்து படுத்து அடியில் நுழைந்தார். போல்ட்டைக் கழற்றி, கத்தியால் பெயிண்டைச் சுரண்டினார். நீலம் மூக்கிலும் வாயிலும் உதிர்ந்தது. "தப்புதான் மாப்பிள்ளை, தப்புதான்" என்று முணுமுணுத்துக்கொண்டே வெள்ளி மாதிரி இரும்பு தெரியும் வரை சுரண்டி, போல்ட்டை இறுக்கினார். இடது விளக்கு மட்டும் சுறுசுறுப்பாக இமைத்தது. வலது கண் மூடியிருந்தது.

தங்கை வந்து பிரேக்கை மிதித்தாள். பின்னால் ஷெட்டுச் சுவரே சிவந்தது. மாப்பிள்ளையின் ஆத்மாவோடு பேசிச் சாந்தப்படுத்தியதாகச் சூப்பர்வைசர் சுருக்கமாக அறிவித்தார். தங்கை இறங்கி வந்து, டார்ச்சோடு கூட, இரண்டு முனையிலும் கிளிப் வைத்த ஒரு முழ நீள ஒயரையும் நீட்டினாள்.

"அவர் மேஜையில கிடந்துச்சு. கிளம்புறப்பல்லாம் பின்னாடி குனிஞ்சு இதை எங்கேயோ மாட்டுவார். உங்க தலை கேட்டுல தெரிஞ்சா போதும், ஓடிப்போய்க் கழட்டிப் பையில போட்டுக்குவார். அண்ணன் மனசு நோகும்னு மட்டும் சொல்வார். இது எதுக்குண்ணே?"

சூப்பர்வைசர் ஒயரை வாங்கினார். கிளிப்பின் பற்களில் நீலம் அப்பியிருந்தது; மாப்பிள்ளை இருந்தவரை கரண்ட் திரும்பி வர வழி விட்டது இதுதான்.

"பழைய ஒயர்" என்றார்.

மாப்பிள்ளை டிரெய்லருக்குப் பின்னால் குனிவதை அவர் கேட்டில் நின்று எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். தன் வேலையைத் தொட்டுக் கும்பிடுகிறார் என்று சொந்தபந்தம் எல்லாரிடமும் சொல்லியிருந்தார்.